எழுதும் கையும் படிக்கும் கண்ணும்

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றவர் என்று யாரைக் கொள்வது? ஏதேனும் ஒரு மொழியில் பொருள் உணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரிந்த, 7 வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவர் என்பது கணக்கெடுப்புத் துறை வகுத்துள்ள இலக்கணம். படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர் இக்கணக்கில் சேர்வதில்லை. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இந்த அளவுகோலின்படி நாட்டின் எழுத்தறிவு 73 சதவிகிதமாக இருந்தது. ஆண்களில் 80.9 சதவிகிதத்தினரும் பெண்களில் 64.6 சதவிகிதத்தினரும் எழுத்தறிவு பெற்றிருந்தனர்.

வீட்டு வாசலில் நின்று கேட்கும் கணக்கெடுப்பாளரிடம், "எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுத வராது" என்று ஒருவர் சொன்னால் அவரை எழுத்தறிவற்றோர் வரிசையில் சேர்ப்பது கடுமையான விதியாகத் தோன்றக்கூடும். பேருந்துப் பலகையும் மருந்துச் சீட்டும் படிக்க முடிந்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. நிர்வாக வசதிக்காக வகுக்கப்பட்ட இவ்விதிக்கு எதிர்பாராத ஒரு திசையிலிருந்து ஆதரவு கிடைத்துள்ளது. கடந்த 30 ஆண்டுகளாக மனித மூளையின் செயலைப் படமெடுத்து ஆராய்ந்து வரும் விஞ்ஞானிகள், படிப்பும் எழுத்தும் மூளையில் தனித்தனி அறைகளில் குடியிருப்பவை அல்ல என்று கூறுகின்றனர். எழுதிப் பழகிய கையின் அனுபவம், எழுத்தைக் காணும் கண்ணோடும், பேச்சைக் கேட்கும் காதோடும்கூட இணைந்து விடுகிறது. இம்முடிவு எவ்வளவு உறுதியானது, நம் நாட்டு எழுத்தறிவுப் பணிக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

பழைய சான்றுகள்

மூளையின் எந்தப் பகுதி எந்தத் தொழிலைச் செய்கிறது என்பதை அறிய 19 ஆம் நூற்றாண்டு மருத்துவர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. நோயால் ஒரு திறனை இழந்தவர் இறந்தபின், அவரது மூளையில் எவ்விடம் சிதைந்துள்ளது என்று பார்ப்பதே அது. 1861 இல் பாரிஸ் நகரில் பால் புரோக்கா, பேச்சிழந்த நோயாளி ஒருவரின் மூளையில் இடது முன்பகுதி சிதைந்திருந்ததைக் காட்டினார். 20 ஆண்டுகளுக்குப் பின்னர், 1881 இல், வியன்னாவைச் சேர்ந்த சிக்மண்ட் எக்ஸ்னர், எழுதுவதற்கென ஒரு தனி இடம் இடது முன்மடலில் இருக்கிறது என்று ஒரு நூலில் எழுதினார். கையை இயக்கும் பகுதிக்குச் சற்று முன்னால் அமைந்துள்ள அவ்விடம் இன்றும் 'எக்ஸ்னர் பகுதி' என்றே வழங்கப்படுகிறது. ஆயினும், அவர் எடுத்துக்காட்டிய நோயாளிகளுள் எழுதும் திறனை இழந்தவர்கள் மிகச் சிலரே. சான்று போதாது என்ற கண்டனம் அன்றே எழுந்தது. நூறாண்டுக்கு மேலாகியும் அது ஓயவில்லை.

2009 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் தூலூஸ் நகர அறுவை மருத்துவர்கள் இவ்வழக்கில் புதிய சான்று ஒன்றை வைத்தனர். மூளைக் கட்டியை அகற்றும்போது நோயாளியை விழித்திருக்கச் செய்து, மூளைப் பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டிப் பார்ப்பது வழக்கம். எந்த இடத்தைத் தொட்டால் பேச்சோ அசைவோ கெடும் என்று முன்னதாக அறிந்து, அவ்விடத்தை வெட்டாமல் விடுவதற்காக இவ்வாறு செய்கின்றனர். எக்ஸ்னர் சுட்டிய இடத்தைத் தூண்டியபோது, சில நோயாளிகளுக்குக் கையசைவு கெடாமலே எழுத்து மட்டும் தடைப்பட்டது. மின்னோட்டத்தை நிறுத்தியதும் எழுத்து திரும்பியது.

படம் எவ்வாறு கிடைக்கிறது

நலமாக உள்ள ஒருவரின் மூளையைத் திறவாமலே அதன் வேலையை அறிய உதவும் சாதனம் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படக்கருவி. மருத்துவமனைகளில் உறுப்புக்களின் வடிவைக் காட்டுவதற்குப் பயன்படும் அதே கருவியைக் கொண்டு, உறுப்பின் செயலையும் அறியலாம் என்று 1990 இல் காட்டியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா. அதன் அடிப்படை எளியது. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமந்திருக்கும்போது ஒரு காந்தத் தன்மையும், அதை இறக்கிவிட்டபின் வேறொரு காந்தத் தன்மையும் உடையது. மூளையின் ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்தால், அங்கே பிராணவாயு நிறைந்த இரத்தம் தேவைக்கு மேலாகவே பாய்கிறது. அவ்விடத்திலிருந்து வரும் காந்தச் சமிக்ஞை சிறிதளவு மாறுகிறது. இம்மாற்றமே பதிவாகிறது. 1992 இல் இம்முறை மனிதர்களிடம் பயன்பட்டது.

ஆகவே, படத்தில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் ஒளிரும் இடங்கள் சிந்தனையின் புகைப்படங்கள் அல்ல. இரத்த ஓட்டத்தின் கணக்குகளே. நிறங்களைப் பூசுவது கணிப்பொறி. நரம்பணுக்கள் நொடியின் மிகச் சிறு பகுதியில் வேலையை முடித்துவிடுகின்றன. இரத்தமோ உச்சநிலைக்கு வர 5, 6 நொடிகள் எடுத்துக்கொள்கிறது. கருவி பிரித்தறியும் மிகச் சிறிய கன அளவிலும் இலட்சக்கணக்கான நரம்பணுக்கள் அடங்கியுள்ளன. இவை போக, ஒரு வேலையின்போது கிடைத்த பதிவிலிருந்து மற்றொரு வேலையின்போது கிடைத்த பதிவைக் கழித்துத்தான் முடிவு காண்கிறார்கள். எதிலிருந்து எதைக் கழித்தார்கள் என்று கேளாமல் இப்படங்களை நம்புவது, செலவைப் பாராமல் வரவை மட்டும் பார்த்து இலாபம் என்று மகிழ்வதை ஒக்கும்.

எழுதுவதை ஆராய்வதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆராய்ச்சிக்கு உட்படுபவர் குறுகிய குழாய் போன்ற கருவிக்குள் மல்லாந்து படுத்திருக்கிறார். தலை அசையக்கூடாது. அங்கு நிலவும் காந்தப் புலம் பூமியின் காந்தப் புலத்தைப்போல் பல்லாயிரம் மடங்கு வலியது. ஆதலால் இரும்பு கலந்த எந்தப் பொருளையும் உள்ளே கொண்டு செல்ல இயலாது. தொடையின் மீது வைத்த பிளாஸ்டிக் பலகையில், தன் கையைத் தானே நேராகக் காண முடியாத நிலையில் அவர் எழுத வேண்டும். மேசையில் அமர்ந்து எழுதும் இயல்பான நிலை இதுவன்று என்பதை ஆராய்ச்சியாளர்களே ஒப்புக்கொள்கின்றனர்.

கை எழுதும்போது

இத்தகைய இடையூறுகளுக்கு இடையே நடந்த 18 ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி, 2013 இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஒரு தொகுப்பு வெளியிட்டனர். இடது முன்மடலில் எக்ஸ்னர் சுட்டிய பகுதியை ஒட்டிய இடம், இடது உச்சி மடல், வலது சிறுமூளை ஆகிய மூன்றும் எழுதுதலோடு சிறப்பாகத் தொடர்புடையவை என்று அது காட்டியது. உச்சி மடல், கை எங்கே எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதை இடவுணர்வோடு வகுக்கிறது. சிறுமூளை அசைவின் வேகத்தையும் ஒழுங்கையும் சீர்செய்கிறது. கையை அசைக்கும் பொதுவான பகுதிகளும் மொழிக்குரிய பகுதிகளும் இவற்றோடு சேர்ந்து உழைக்கின்றன.

எழுத்தின் வடிவம் விரல்களில் தங்கியிருப்பதில்லை என்பதற்குச் சுவையான சான்று ஒன்று உண்டு. காகிதத்தில் எழுதினாலும், கரும்பலகையில் தோளை அசைத்துப் பெரிதாக எழுதினாலும் ஒருவரது எழுத்தின் சாயல் மாறுவதில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த குழு ஒன்று 1999 இல் வெளியிட்ட ஆய்வில், சிலரை ஆட்காட்டி விரலாலும் பிறகு கால் பெருவிரலாலும் கையொப்பமிடச் செய்து மூளையைப் படமெடுத்தனர். காலால் கையொப்பமிட்டபோதும், கையின் அசைவைத் திட்டமிடும் பகுதிகளே வேலை செய்தன. பழகிய கையொப்பம் ஒரு முழுமையான அசைவுத் திட்டமாக மூளையில் சேமிக்கப்பட்டுள்ளது. அதை எந்த உறுப்பைக் கொண்டும் நிறைவேற்றலாம்.

நம் நாட்டு முதியோர் கல்வியில் பணியாற்றியவர்களுக்கு இது ஒரு பழைய சிக்கலை நினைவூட்டும். கைநாட்டு வைத்துவந்தவர் கையொப்பமிடக் கற்றதும் அவரை எழுத்தறிவு பெற்றவர் என்று கருதிவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்திருக்கிறது. தன் பெயரை ஒரே கோலமாக மனப்பாடம் செய்த கை, அப்பெயரில் உள்ள எழுத்துக்களை வேறொரு சொல்லில் கண்டால் அடையாளம் கண்டுகொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. கையொப்பம் ஓர் அசைவு. எழுத்தறிவோ எண்ணற்ற சொற்களை ஆக்கவல்ல ஓர் அமைப்பு.

கண் காணும்போது

மேற்கூறியவை எழுதும் கையைப் பற்றியன. எழுதாமல், எழுத்தை வெறுமனே பார்க்கும்போது மூளையில் நிகழ்வது என்ன? மார்செய் நகரைச் சேர்ந்த மரீக் லோங்காம்ப் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் பணிபுரிந்தோரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு திருப்பமாகும். வலக்கைப் பழக்கமுடையவர்கள் கருவிக்குள் அசையாமல் படுத்தபடி எழுத்துக்களைப் பார்த்தபோது, இடது மூளையில் கை அசைவுக்கு ஆயத்தம் செய்யும் பகுதி விழித்துக்கொண்டது. அதே மனிதர்கள் எழுதும்போது வேலை செய்த பகுதி அது. பழக்கமில்லாத போலி எழுத்துக்களைக் காட்டியபோது அவ்வாறு நிகழவில்லை.

இது தற்செயலா என்ற ஐயம் எழுவது இயல்பே. எனவே, 2005 இல் இடக்கையால் எழுதுபவர்களை வைத்து ஆராய்ச்சியைத் திரும்பச் செய்தனர். இம்முறை விழித்தது வலது பகுதி. பார்க்கும் எழுத்து ஒன்றே. எழுதும் கை மாறியதும் மூளையின் பக்கமும் மாறியது. எனவே, கண் எழுத்தைக் காணும்போது கையின் அனுபவமும் உடன் எழுகிறது என்று கொள்வதே பொருத்தமாகும்.

இதே குழுவினர் நடத்திய மற்றொரு சோதனை நமக்குத் தனிச் சுவையுடையது. வங்காள, குஜராத்தி எழுத்துக்களை ஒட்டி அமைத்த வடிவங்களை, அவற்றை முன்பின் கண்டிராத பிரெஞ்சு நாட்டு வயது வந்தோருக்குக் கற்பித்தனர். சில வடிவங்களைக் கையால் எழுதியும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டியும் அவர்கள் சில வாரங்கள் பயின்றனர். பின்னர், சரியான வடிவையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிய வடிவையும் கலந்து காட்டியபோது, கையால் எழுதிக் கற்றவற்றை அவர்கள் அதிகமாகவும் நெடுநாள் வரையிலும் சரியாக இனங்கண்டனர். 2008 இல் வெளியான மூளைப் படங்களும் இவ்விரு வகைக் கற்றலுக்கும் இடையே வேறுபாட்டைக் காட்டின.

அசைவுக்கும் காட்சிக்கும் உள்ள உறவு எழுத்தோடு நிற்பதில்லை. கை ஒரு வளைகோட்டை வரையும்போது வளைவு கூடுமிடத்தில் வேகம் குறைகிறது. நேராகுமிடத்தில் வேகம் கூடுகிறது. இந்த உறவைக் கணித விதியாக 1983 இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் வகுத்தனர். வியப்பு என்னவெனில், திரையில் ஒரு புள்ளியை இவ்விதிப்படி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் நகர்த்தினால், அது ஒரே சீரான வேகத்தில் செல்வதாகவே நம் கண்ணுக்குப் படுகிறது. உண்மையில் சீரான வேகத்தில் நகர்த்தினால் வளைவுகளில் விரைவதுபோல் தோன்றுகிறது! 2007 இல் இஸ்ரேலிய, ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் எடுத்த படங்களில், இவ்விதிக்கு உட்பட்ட அசைவைக் கண்டபோது பார்வையாளர் மூளையின் இயக்கப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன.

மணலில் எழுதிய குழந்தைகள்

ஆரம்பக் கல்வியைப் பொறுத்தவரை அதிகம் பேசப்படுவது, அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் 2012 இல் வெளியிட்ட ஆய்வு. படிக்கத் தெரியாத 5 வயதுக் குழந்தைகள் சில எழுத்துக்களைத் தாமாக எழுதியும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின்மேல் வரைந்தும், சிலவற்றை விசைப்பலகையில் தட்டியும் பழகினர். பின்பு அவ்வெழுத்துக்களைக் காட்டி மூளையைப் படமெடுத்தபோது, பெரியவர்கள் படிக்கையில் செயற்படும் பகுதிகளின் இணைப்பு, தாமாக எழுதிப் பழகிய எழுத்துக்களுக்கே தெளிவாகத் தென்பட்டது. புள்ளிக்கோட்டின்மேல் வரைவதும் கையசைவே ஆயினும் அது எழுதுவதற்கு ஈடாகவில்லை. குழந்தை தானாக எழுதும்போது ஒவ்வொரு முறையும் எழுத்து வேறுபடுகிறது; கோணலாகிறது; கால் நீள்கிறது. இவ்வேறுபாடுகளைக் காண்பதால்தான் எழுத்தின் உயிரான அம்சம் எது, தள்ளத்தக்கது எது என்று கண் தேர்ந்துகொள்கிறது என ஜேம்ஸ் குழுவினர் 2016 இல் விளக்கினர். இவ்விளக்கம் ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. ஆனால், முதலாய்வில் பங்கு கொண்டவர்கள் இருபதுக்கும் குறைவான குழந்தைகளே என்பதை மறக்கலாகாது.

நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகும் முறை நெடுங்காலம் இருந்தது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அனாதைச் சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மலபார்ச் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலின் வழியாக இது 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. காகிதச் செலவு இல்லை என்பதே அன்று அதன் பெருமையாகப் பேசப்பட்டது. ஆசான் இட்ட எழுத்தின்மேல் முதலில் விரலை ஓட்டிவிட்டு, பிறகு அதை அழித்துத் தானே எழுத வேண்டும் என்ற அம்முறையின் இரண்டாம் படியே இன்றைய ஆய்வுகளின் ஒளியில் முக்கியமானதாகப் படுகிறது.

லக்னோவை அடுத்த கிராமங்களில்

இதுவரை கூறிய ஆய்வுகளில் பெரும்பாலானவை பள்ளி சென்ற மேலை நாட்டினரைப் பற்றியவை. வயது வந்தபின் முதன்முதலாக எழுத்தைக் கற்பவரின் மூளை எவ்வாறு மாறுகிறது? இக்கேள்விக்கு விடை தேடி ஜெர்மானிய, நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் நம் நாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து உத்தரப் பிரதேசத்திற்கு வந்தனர். லக்னோ நகரில் உள்ள உயிரி மருத்துவ ஆய்வு மையத்தின் கருவி இதற்குப் பயன்பட்டது. அருகிலுள்ள கிராமங்களைச் சேர்ந்த, எழுத்தறியாத வயது வந்தோர் 6 மாதங்கள் தேவநாகரியில் படிக்கவும் எழுதவும் பயிற்சி பெற்றனர். இவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

2017 இல் வெளியான முதல் அறிக்கை, பயிற்சிக்குப் பின் மூளைத் தண்டு, தாலமஸ் போன்ற மிகப் பழமையான பகுதிகளுக்கும் காட்சிப் புறணிக்கும் இடையே ஒத்தியக்கம் வலுப்பெற்றதாகக் கூறியது. முப்பது வயதைத் தாண்டிய மூளையும் இவ்வளவு ஆழமாக மாறக்கூடும் என்ற செய்தி பரவலாக வரவேற்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டு அறிக்கை, எழுத்தைக் கற்பதால் முகங்களையும் பொருள்களையும் காணும் திறனுக்குரிய பகுதிகள் இடம் இழப்பதில்லை என்று காட்டியது.

நம் பொருளுக்கு மிக நெருங்கியது 2022 இல் வெளியான மூன்றாவது அறிக்கை. இந்தி பேசும் 91 பேர், எழுத்தறியாதவர் முதல் நன்கு கற்றவர் வரை, இதில் பங்கு கொண்டனர். எழுத்தறியாத 22 பேர் 6 மாதப் பயிற்சி பெற்றனர். எழுத்தறிவு பெற்றால் பேச்சைக் கேட்கும்போது மூளை கூடுதலாகச் செயற்படும் என்பது, போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் நடந்து 2010 இல் வெளியான ஆய்வின் முடிவு. லக்னோ ஆய்வில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாக, பேச்சொலியை ஆராயும் பகுதிக்கும், கையால் எழுதுவதற்குரிய இயக்கப் பகுதிக்கும் இடையே தொடர்பு வலுவடைந்திருந்தது. காதுக்கும் கைக்கும் இடையே ஒரு பாதை ஏற்பட்டது எனலாம். படிப்பின் விளைவை மட்டும் தேடிக்கொண்டிருந்த இத்துறை, எழுத்தின் விளைவையும் ஆராய வேண்டும் என்று அவ்வறிக்கை வற்புறுத்தியது.

இந்திய எழுத்துக்களின் அமைப்பும் இங்கே கருதத்தக்கது. தேவநாகரியிலும் தமிழிலும் உயிரொலியின் குறி மெய்யின் முன்னும் பின்னும், மேலும் கீழும் அமைகிறது. 'கொ' என்று எழுதும்போது ஒலியில் பின்னால் வருவதன் ஒரு பாதி முன்னால் நிற்கிறது. எழுத்துக்கள் ஒரே வரிசையில் நிற்கும் ஆங்கிலத்தைப் படிப்பதினும் இது இடவுணர்வை மிகுதியாக வேண்டும். அரியானாவில் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், தேவநாகரியைப் படிக்கையில் மொழிக்குரிய இடது மூளையோடு வலது மூளையின் உச்சி மடற் பகுதியும் பங்கு கொள்வதாகக் கண்டனர்.

விசைப்பலகையும் வகுப்பறையும்

இம்முடிவுகளை அளவுக்கு மீறி நீட்டுவோரும் உளர். நார்வே நாட்டில் ட்ரோந்தெய்ம் நகரில் 36 மாணவர்களின் தலையில் 256 மின்னுணரிகளைப் பொருத்தி நடத்தி 2024 இல் வெளியிட்ட ஆய்வு, கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளின் இணைப்பு விரிவாக இருப்பதாகக் கூறியது. உடனே, தட்டச்சு மூளையை மழுங்கச் செய்கிறது என்ற அளவுக்குச் செய்திகள் கிளம்பின. அந்த ஆய்வில் மாணவர்கள் ஒரே விரலால் தட்டினார்கள்; எவ்வளவு நினைவில் நின்றது என்று சோதிக்கவும் இல்லை. படங்களைக் கணக்கிடுவதில் கவனக் குறைவு எங்கு கொண்டுபோய் விடும் என்பதற்கு 2009 இல் அமெரிக்காவில் செய்து காட்டிய ஒரு வேடிக்கையே போதும். கடையில் வாங்கிய செத்த மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களை அதற்குக் 'காட்டி', வழக்கமான கணக்கைத் தளர்வாகப் போட்டபோது, மீனின் மூளையிலும் ஒரு புள்ளி ஒளிர்ந்தது!

தேர்ந்த தட்டச்சரின் திறனை இவ்வாய்வுகள் எதுவும் குறை கூறவில்லை. எழுத்தைப் புதிதாகக் கற்கும் காலம் பற்றியே இவற்றின் சான்று வலுவாக உள்ளது. வளர்ச்சிப் பணியாளர்கள் கவனிக்க வேண்டிய இடமும் அதுவே. 15 வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதோருக்கென 2022 முதல் 2027 வரையிலான காலத்திற்கு மத்திய அரசு 1,037.90 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு திட்டம் வகுத்தது. 'உல்லாஸ்' என்ற பெயரில் நடைபெறும் இத்திட்டத்தின் இலக்கு 5 கோடிப் பேர். ஊதியம் பெறாத தன்னார்வலர்களையும், கைபேசிச் செயலியையும் அது பெரிதும் நம்பியுள்ளது. செலவைக் குறைக்கவும் தொலைவைக் கடக்கவும் செயலி உதவும் என்பதில் ஐயமில்லை. எனினும், திரையில் நான்கு எழுத்துக்களுள் சரியானதைத் தொட்டுக் காட்டுவது கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் எளிது. ஆகையால் எழுதும் பயிற்சி மெல்லத் தேய்ந்துபோகும் அபாயம் உண்டு. அடித்த அச்சின்மேல் வரையும் பயிற்சி ஏடுகளை நிறைய அச்சிட்டு வழங்குவதாலும் இக்குறை தீர்ந்துவிடாது. சிலேட்டோ மணலோ எதுவாயினும், முன்மாதிரியை மறைத்துவிட்டுத் தானே எழுதிப் பார்ப்பதும், தன்னார்வலர் சொல்லக் கேட்டு எழுதுவதும் ஒவ்வொரு வகுப்பிலும் இடம்பெற வேண்டும். லக்னோ ஆய்வு காட்டிய காது, கை இணைப்பை வளர்க்கத்தக்க பயிற்சி, நம் பள்ளிகளுக்குப் பழக்கமான 'சொல்வதை எழுதுதல்' என்றே கருத இடமுண்டு.

இத்திட்டத்தின் இறுதித் தேர்வில் படித்தல், எழுதுதல், எண்ணறிவு ஆகிய மூன்றும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன என்பது நல்ல ஏற்பாடாகும். ஆனால், மண்வெட்டியும் அரிவாளும் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் பென்சிலைப் பிடித்து ஒரு வளைவை வரையவே பல நாட்கள் ஆகின்றன. அந்த நாட்களை வீணான தாமதமாகக் கணக்கிடாமல், பாடத்தின் ஒரு பகுதியாகவே கால அட்டவணையில் சேர்ப்பது மாவட்ட அதிகாரிகளின் கையில் உள்ளது.